நடை அறிவியல் துறைத் தலைவர்

மனிதகுலம் இரண்டு காலில் எழுந்து நின்ற அந்தப் புனித விடியலிலிருந்து, தன் ஒவ்வோர் அடியையும் அளந்தறியும் தாகம் அதன் நெஞ்சில் சுடர்விட்டு எரிந்துகொண்டிருக்கிறது.

இந்த வாசகம் அலுவலகச் சுவரில் பித்தளை எழுத்துகளில் பதிக்கப்பட்டிருந்தது. தாகம் எப்படி எரியும் என்று யாரும் கேட்கவில்லை. எழுத்துகளுக்குக் கீழே துடைப்பமும் வாளியும் நின்றன. அந்த மாடியில் அவற்றுக்கு வேறு இடமில்லை.

மனிதகுலத்தின் சார்பில் உண்மையிலேயே அடிகளை அளந்தவர் ஒரே ஒருவர்தான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிட்டார். முதலாளி கூப்பிட்டதால் பொறியாளர் கூப்பிட்டார். பொறியாளர் கூப்பிட்டதால் தண்ணீர் கேன் போடுகிறவர்வரை எல்லோருக்கும் அவர் மச்சான் ஆகிப்போனார்.

கம்பெனி தொடங்கியபோது முதலாளியிடம் ஒரு யோசனை இருந்தது, ஒரு வாடகை மாடி இருந்தது, வேலைவெட்டி இல்லாத ஒரு மச்சான் இருந்தார். "சும்மா உட்கார்ந்து சாப்பிடுறான்னுதானே குறை சொல்றீங்க? நடந்து சாப்பிடட்டும்" என்று முதலாளியின் மனைவி தீர்ப்புச் சொன்னாள். அப்படித்தான் ஒரு விஞ்ஞானத் துறை பிறந்தது.

கையில் கட்டிக்கொண்டு நடந்தால் அடிகளை எண்ணிக் காட்டும் பட்டை. அதுதான் கம்பெனியின் சரக்கு. பட்டைக்குள் இருக்கும் சில்லுக்கு அசைவு தெரியும். அந்த அசைவு நடையா, கொசு அடித்ததா, மனைவியிடம் கை நீட்டிப் பேசியதா என்று தெரியாது. யாராவது நடந்து, வாயால் எண்ணி, "இவ்வளவு" என்று சொல்ல வேண்டும். அந்த எண் வரும்வரை பொறியாளர் பட்டையின் காதைத் திருகிக்கொண்டிருப்பார். பெரிய கம்பெனிகள் இதற்கு ஊர்ப்பட்ட ஆட்களை நடக்கவிட்டு, கேமரா வைத்து, ஒவ்வோர் அடியையும் சரிபார்க்கும். இங்கே மச்சான் எண்ணினார்.

இரண்டு கைகளிலும் முழங்கைவரை பட்டைகளைக் கட்டிக்கொண்டு, வளையல் வியாபாரியைப் போல, கழிப்பறைக் கதவிலிருந்து வரவேற்பு மேசைவரை நடப்பார். திரும்பிக் கழிப்பறைக் கதவுக்கு வருவார். நேர்மையாகத்தான் எண்ணுவார், கழிப்பறைப் பக்கம். மேசைப் பக்கம் வந்ததும் தொல்லை. அங்கே ரேடியோ உட்கார்ந்திருந்தாள்.

வரவேற்பு மேசைக்காரிக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்தவன் அளந்துதான் வைத்திருந்தான்.

"மச்சான் சார், எங்க மேல் வீட்டுக்காரி கூத்தைக் கேட்டீங்களா? குழாயைத் திறந்து வச்சிட்டு ஊருக்குப் போயிட்டா."

"முந்நூத்தி நாப்பது... நாப்பத்தொண்ணு..."

"என் வீட்டுக்காரர் குடை பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடுறார் சார். வீட்டுக்குள்ள."

"அடப்பாவமே. அப்புறம்?"

அப்புறம் என்ன நடந்தது என்பதை ரேடியோ சொல்லி முடிப்பதற்குள் எண்ணிக்கை எங்கோ காற்றில் போயிருக்கும். மச்சான் கொஞ்சம் யோசித்து, தோராயமாக ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடப்பார். பிடிக்கிற எண் எப்போதும் விட்ட எண்ணைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். குறைத்துப் போட்டால் நடந்த கால் என்ன நினைக்கும்?

மச்சானின் தாராளம் பட்டைக்குள் போயிற்று. மற்ற கம்பெனிப் பட்டைகள் கிள்ளிக் கொடுத்தன. இது அள்ளிக் கொடுத்தது. கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தவன் மணிக்கட்டைப் பார்த்தால் மலையேறி இறங்கியவனைப் போலப் பூரித்தான். பூரித்தவன் மறுநாளும் நடந்தான். 'மனிதரைப் புரிந்துகொண்ட கருவி' என்று பத்திரிகைகள் எழுதின. விற்பனை பெருகியது. மச்சானுக்குக் கண்ணாடி அறை வந்தது, முகவரி அட்டை வந்தது, அட்டையில் 'நடை அறிவியல் துறைத் தலைவர்' என்று வந்தது. நடையின் மேன்மையைப் பற்றிப் பேசக் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். காரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். பத்துப் பேர் பத்துத் தடவை சொன்னால் ஆடு நாயாகும் என்பார்கள். இங்கே நாலு பேர் சொன்னதும் மச்சான் விஞ்ஞானி ஆனார். அதை முதலில் நம்பியவரும் அவரே.

பிறகு ஒருநாள் பெரிய குழுமம் ஒன்று கம்பெனியை வாங்கியது. அந்தக் குழுமம் ஏற்கெனவே குளிர்பானமும் மெத்தையும் ஆயுள் காப்பீடும் விற்றுக்கொண்டிருந்தது.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று ரேடியோ விளக்கினாள். "குடிச்சவன் நடக்கணும், நடந்தவன் தூங்கணும். தூங்கினவன் எந்திரிக்கலைன்னா காப்பீடு."

கைமாறிய அன்று கூட்டம் போட்டார்கள். குழுமம் அனுப்பிய ஒருங்கிணைப்பாளர் பேசினார். இளவயது, மென்மையான குரல். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, தேவைப்படவில்லை.

"நாங்க உங்களை வாங்கிட்டோம்னு யாரும் நினைக்காதீங்க. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தோட சம்பந்தம் பண்ணிக்குது, அவ்வளவுதான்."

மச்சான் பலமாகத் தலையாட்டினார். சம்பந்தத்தால் பிழைத்தவர்.

"சம்பந்தம்னா பொண்ணு வீட்டுக்காரங்களைத்தான் பந்தியில கடைசியா உட்கார வைப்பாங்க" என்று பின்னாலிருந்து ரேடியோ முணுமுணுத்தாள்.

பந்தியில் உட்காரவே விடவில்லை. அந்த வாரமே அவள் மேசையில் ஒரு திரையை வைத்தார்கள். 'வருக. உங்கள் பெயரைத் தொடவும்' என்று அது சொன்னது. வேறெதுவும் சொல்லத் தெரியாது. ரேடியோவுக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். மச்சான் அதில், 'நடந்துகொண்டே இரு' என்று எழுதியிருந்தார்.

அவள் படித்துவிட்டு, "எங்கே சார்?" என்று கேட்டாள்.

அடுத்து பொறியாளர் போனார். அடுத்து பழைய முதலாளி. அவர் காசை வாங்கிக்கொண்டு பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனதாகச் சொன்னார்கள். மச்சான் கூப்பிட்டால் அத்தானின் கைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். அக்கா எடுத்து, "அத்தான் தண்ணியில இருக்காருடா" என்பாள். போனவர்களின் நாற்காலிகளைக் கூட்ட அறையில் அடுக்கினார்கள். பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டபாடில்லை. நடைவழியில் தடித்த கம்பளம் விரித்தார்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற சத்தமே இல்லாமல் போயிற்று.

அப்புறம் குழுமத்தின் விஞ்ஞானி அம்மா வந்தார். பட்டையைச் சோதித்தார். கூட்டிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். திருத்தினார். ஒரே இரவில், உலகமெங்கும் அதைக் கட்டியிருந்தவர்களெல்லாம் குறைவாக நடந்தவர்கள் ஆனார்கள்.

வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 'நாலு வருஷமாக அதே கடைக்குத்தான் நடக்கிறேன். கடை வீட்டுக்குக் கிட்டே நகர்ந்துவிட்டதா?' என்று ஒரு பெண் எழுதினாள். பலர் எழுதக்கூட இல்லை. கழற்றி மேசை டிராயரில் போட்டார்கள். வாங்கிய விலையை நினைத்துக் குழுமம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

பழையபடி கூட்டிக் காட்டினால் என்ன என்று சட்டப் பிரிவைக் கேட்டார்கள். சும்மா கூட்டினால் மோசடி. ஏதாவது ஒரு முறைப்படி கூட்டினால் பாரம்பரியம் என்று பதில் வந்தது. அந்த முறை என்ன? போய்விட்ட பொறியாளரைக் கேட்டார்கள். 'மச்சான் சொன்ன எண்ணை வைத்தேன்' என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு அவர் தன் புது வேலையைப் பார்க்கப் போனார்.

மச்சானின் பணியிடம் தேவைதானா என்று பரிசீலிப்பதாக அவருக்கு ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் வேறெந்தக் கம்பெனியில் போய், எனக்கு எண்ணிக்கொண்டே நடக்கத் தெரியும் என்று வேலை கேட்பது? சோறு இறங்காமல் இருந்தவரைத்தான் ஒருங்கிணைப்பாளர் கூட்ட அறைக்கு அழைத்து, போனவர்களின் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தார். விஞ்ஞானி அம்மா எதிரே இருந்தார்.

"சார், அந்தப் பழைய எண்ணிக்கை எப்படி வந்துச்சு? எல்லாருக்கும் பிடிச்சுப்போற மாதிரி?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடைங்கிறது காலில் இல்ல சார். மனசுல இருக்கு. காலு ஓரடி வைக்கிறதுக்குள்ள மனசு ஒண்ணரை அடி போயிடும். நான் அந்த மனசோட அடியையும் சேர்த்து எண்ணுவேன்."

ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொண்டார்.

"மனசோட அடியை எப்படி எண்ணுவீங்க?" என்றார் விஞ்ஞானி அம்மா.

"அனுபவம்."

"எங்க முன்னாடி ஒருதரம் நடந்து காட்ட முடியுமா? மிஷின் ஒரு பக்கம் எண்ணட்டும், நீங்க ஒரு பக்கம் எண்ணுங்க. நீங்க எங்கே, எவ்வளவு கூட்டுறீங்கன்னு பார்த்துட்டா, அதையே முறையா வச்சுடலாம்."

"அப்படி மட்டும் வந்துடுச்சுன்னா, இதுக்குன்னே தனிப் பிரிவு" என்றார் ஒருங்கிணைப்பாளர். "நீங்கதான் தலைமை. வரலைன்னா..." மென்மையாகச் சிரித்தார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நடந்து காட்டணுமாமா? மாடு பிடிக்க வந்தவன் மாதிரி இருக்கே. பல்லையும் பிடிச்சுப் பார்ப்பாங்களா?"

"விஞ்ஞானம்டி இது."

"விஞ்ஞானமோ என்னவோ, நல்லா எண்ணிட்டு வாங்க. உங்க முகவரி அட்டையை என் தங்கச்சி வீட்டுல ஒண்ணுவிடாம எல்லார்கிட்டயும் கொடுத்து வச்சிருக்கேன். திருப்பி வாங்க என்னால முடியாது."

நடைவழியில் நாலு கேமரா வைத்தார்கள். மச்சான் கை நிறையப் பட்டைகளோடு கழிப்பறைக் கதவிலிருந்து கிளம்பினார். கம்பளத்தில் அவர் காலடி அவருக்கே கேட்கவில்லை. யாரும் பேசவில்லை. பயத்தில், வாழ்நாளில் முதல்முறையாக, அவர் கவனமாக எண்ணினார். மேசைவரை போனார், திரை 'வருக' என்றது. திரும்பினார். போனார், வந்தார். கடைசியில் எண்ணைச் சொன்னார்.

விஞ்ஞானி அம்மா மிஷினைப் பார்த்தார். "அதேதான். ஓரடிகூட வித்தியாசமில்லை."

மச்சான் அந்த மௌனமான மேசையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனசோட அடி என்று ஒன்று இருந்ததென்றால், அது குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போன மேல் வீட்டுக்காரிதான்.

"பழக்கம் விட்டுப்போச்சு. இன்னொருதரம் பார்க்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் என்று முடிவாயிற்று.

ரேடியோ இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு இருந்தாள். சுவர் முழுக்கக் கண் இல்லாத கண்ணாடிகள். நடுவில் அவள், வாய் மூடி. மச்சானைப் பார்த்ததும் எழுந்து, உள் அறைப் பக்கம் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில், "வாங்க சார். கண்ணா?" என்றாள்.

"இல்லம்மா. காலு. ஏன் இப்படி மெதுவாப் பேசறே?"

"இங்க பேசக் கூடாது சார். நான் பேசினா சோதனைக்கு வர்றவங்களுக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குதாம். முதலாளி சொல்றார்."

மச்சான் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ரேடியோ சுற்றை வெட்டிவிட்டு நடுவுக்கு வந்தாள்.

"அப்போ அத்தனை வருஷமா கம்பெனியைத் தூக்கி நிறுத்தினது என் வாயா?"

"வாய்னு சொல்ல முடியாது. ஒரு... சூழல்."

"சூழலா! என் வீட்டுக்காரர் அதுக்கு வேற பேர் வச்சிருக்கார்." சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டாள்.

"நீ வந்து அந்த மேசைகிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்மா."

அவள் சிரிப்பு நின்றது. "வந்து கத்திட்டுப் பறந்துபோக நான் என்ன காக்காவா சார்? என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. 'அவ பேசுவா, நான் எண்ணிக்கையை விட்டுடுவேன், அப்புறம் குத்துமதிப்பா ஒண்ணு போடுவேன்'னு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அதுதான் கஷ்டமே.

"இங்க நாள் முழுக்க வாயை மூடிட்டு உட்கார்ந்து, வீட்டுக்குப் போனா தொண்டை வலிக்குது சார். பேசாததுனால வலிக்குமான்னு கேக்காதீங்க. வலிக்குது."

"சொல்றேன்மா. கண்டிப்பா சொல்றேன்."

"சத்தியம்?"

"உன் மேல சத்..."

"என் மேல வேண்டாம். உங்க காலு மேல பண்ணுங்க. அதுக்குத்தான் மதிப்பு."

மச்சான் குனிந்து முழங்காலைத் தொட்டார்.

இரண்டாவது சோதனைக்குக் கூட்டம் அதிகம். குழுமத்தின் தலைமையிலிருந்து மூன்று பேர் வந்து, போனவர்களின் நாற்காலிகளை நடைவழிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அவர்களிடம், "இவர்தான் நடை அறிவியல் துறைத் தலைவர்" என்று அறிமுகப்படுத்தினார். மூவரும் எழுந்து கைகொடுத்தார்கள். ஒருவர், "உங்க மனசோட அடி பத்திக் கேள்விப்பட்டேன். சிலிர்த்துப்போச்சு" என்றார்.

விஞ்ஞானி அம்மா மட்டும் கிட்டே வந்து கேட்டார். "அந்தக் காலத்துல இங்க இருந்து இப்போ இல்லாதது ஏதாவது இருக்கா சார்? தரை, வெளிச்சம், ஆளுங்க? சொன்னீங்கன்னா அதே மாதிரி ஏற்பாடு பண்ணிடலாம்."

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. பழத்தை உரித்து, கையில் கொடுத்து, வாயைத் திற என்றும் சொல்லியாயிற்று. மச்சான் வாயைத் திறந்தார். சிலிர்த்துப்போனவரின் முகம் எதிரே இருந்தது. மனசோட அடி என்று சொன்ன அதே வாயால், ஒரு பொம்பளை பேச்சில் எண்ணிக்கை மறந்துபோய்க் குத்துமதிப்பாகப் போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணும் வேண்டாம்மா. நான் போதும்" என்றார்.

நடந்தார். எண்ணிக்கையை மறந்துவிட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டு நடந்தார். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்றால் எவனுக்கு முடியும்? குழாயை நினைத்துப் பார்த்தார், குடை பிடித்துச் சாப்பிட்டவரை நினைத்துப் பார்த்தார். எண் பாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போவதுபோல, பிசகாமல் வந்தது. மேசையருகே வேண்டுமென்றே நின்றார். திரை 'உங்கள் பெயரைத் தொடவும்' என்றது. சரி, வாய்க்கு வந்த எண்ணை ஏற்றிச் சொல்லிவிடலாம் என்று கடைசியில் துணிந்தார். நாலு கேமரா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. உதடு உண்மையைச் சொல்லிவிட்டது.

"மறுபடியும் அதே" என்றார் விஞ்ஞானி அம்மா. குரலில் நிஜமான மரியாதை இருந்தது. "இவ்வளவு துல்லியமா எண்ணுற மனுஷரை நான் பார்த்ததே இல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் மச்சானின் தோளில் கை வைத்து, கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

முறை என்னவோ கிடைத்துவிட்டது. அவர் அன்று சொன்ன வாக்கியமே முறையாகப் போதும் என்று சட்டப் பிரிவு ஒப்புக்கொண்டதாம். மென்பொருள்காரர் காபி ஆறுவதற்குள் எண்ணிக்கையைப் பழையபடி தூக்கிவிட்டார். 'காலின் அடியோடு மனத்தின் அடியையும் எண்ணுகிறோம்' என்று புதிய பித்தளை எழுத்துகளுக்குச் சொல்லியாயிற்று. வாக்கியம் இருக்கும்போது ஆள் எதற்கு என்பதை ஒருங்கிணைப்பாளர் எவ்வளவு இதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இதமாகச் சொன்னார். கம்பெனிச் சொத்தான பட்டைகளையெல்லாம் மச்சான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். வெயில் படாத தோல் முழங்கைவரை வரிவரியாக வெளுத்துக் கிடந்தது. ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். அதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாசகம் எழுத ஆளில்லை.

வெளிக்கதவைத் தாண்டியதும் கைபேசி அடித்தது. ரேடியோ.

"சார், சொன்னீங்களா?"

மச்சான் கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தார். ஒருவர் ஏணியில் ஏறிப் பழைய எழுத்துகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். தாகம் கீழே வாளிக்குள் விழுந்தது.

"சொன்னேன்மா."

"என்ன சொன்னாங்க?"

"குறிச்சுக்கிட்டாங்க. கூப்பிடுவாங்க."

"எனக்குத் தெரியும் சார்!" கடைக்குள் பேசும் குரல் இல்லை அது, தெருவுக்கே கேட்கும் பழைய குரல். "நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் காலையிலயே எங்க முதலாளிகிட்ட, நாளையிலேர்ந்து வரமாட்டேன்னு சொல்லிட்டேன். மனுஷன் மூஞ்சியைப் பார்க்கணுமே! என்ன சொன்னார் தெரியுமா..."

என்ன சொன்னார் என்பதை அவள் விடாமல் சொன்னாள். மச்சான் முழுவதையும் கேட்டார். கடைசியில், "நல்லதும்மா" என்று சொல்லிக் கைபேசியைப் பைக்குள் போட்டார்.

பிறகு லிஃப்ட் வரும்வரை காத்திருந்து, அதில் ஏறிக் கீழே இறங்கினார். அலுவலகம் இருந்தது முதல் மாடியில்.